மேசைக்கு எதிர்ப்பக்கம் யார்? லாஸ் ஏஞ்சல்ஸ் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியத் தேர்தலும்

2023 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வாரியத்தில் ஒரு தீர்மானம் 4-3 என்ற கணக்கில் நிறைவேறியது. அரசுப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே சார்ட்டர் பள்ளிகளுக்கும் வகுப்பறை ஒதுக்கும் வழக்கத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் தீர்மானம் அது. சார்ட்டர் பள்ளி என்றால், அரசுப் பணத்தில் நடக்கும், ஆனால் நிர்வாகம் தனி அமைப்பின் கையில் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஆசிரியர் சங்கம் கிடையாது. ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள் நடக்கும்போது நூலகம் யாருக்கு, மைதானம் எத்தனை மணிக்கு யாருக்கு என்று தினமும் பஞ்சாயத்து. அதனால்தான் ஆசிரியர்கள் பல வருடங்களாக இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டு வந்தார்கள்.

தீர்மானத்தைக் கொண்டுவந்த ஜாக்கி கோல்ட்பர்க், ரோசியோ ரிவாஸ் இருவரும் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவோடு ஜெயித்தவர்கள். ரிவாஸ் பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த மோனிகா கார்சியா சார்ட்டர் பள்ளிகளுக்கு இணக்கமானவர். ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய அந்தத் தீர்மானத்தின் வேர், 2022 தேர்தலுக்கு முன்பே ஆசிரியர்கள் கூடி "நம் ஆதரவு இவருக்கு" என்று கை தூக்கிய கூட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டம் எப்படி நடக்கிறது, அங்கே என்ன பார்க்கிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி மாநில அரசு அல்ல; அந்தப் பகுதியின் பள்ளி மாவட்டம். அந்த மாவட்டத்தை நடத்துவது மக்கள் வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம். லாஸ் ஏஞ்சல்ஸ் நாட்டிலேயே இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம். ஏறத்தாழ 4 லட்சம் மாணவர்கள், ஆண்டுக்கு 1,800 கோடி டாலருக்கு மேல் பட்ஜெட். இத்தனையையும் முடிவு செய்பவர்கள், தொகுதிக்கு ஒருவராக 7 பேர். தலைமை அதிகாரியை நியமிப்பதும், பள்ளிகளைத் திறப்பதும் மூடுவதும், ஆசிரியர் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவதும் அவர்கள்தான்.

கலிஃபோர்னியாவில் பள்ளி ஆசிரியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமை வந்தது 1975-ல், ராடா சட்டம் என்ற சட்டத்தின் மூலம். அதற்குப் பிறகு சம்பளம், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், மருத்துவக் காப்பீடு எல்லாமே பேச்சுவார்த்தை மேசையில் முடிவாகிற விஷயங்கள். மேசையில் நேரில் உட்காருவது அதிகாரிகள். அவர்களுக்கு எல்லை போட்டு அனுப்புவது வாரியம். ஆக, வாரியத் தேர்தலில் ஒருவரை ஆதரிக்கும் ஆசிரியர் சங்கம், தனக்கு எதிரே உட்காரப் போகிறவரையே தேர்ந்தெடுக்க முயல்கிறது. தனியார் நிறுவனங்களில் இருக்கும் தொழிற்சங்கங்களுக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது. நியூயார்க்கில் 2002 முதல் பள்ளிகள் மேயரின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அங்கே இந்தக் கதைக்கே இடமில்லை. ஆசிரியர் சங்கம் மேயர் தேர்தலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, கலிஃபோர்னியாவில் பள்ளி வாரியத் தேர்தல் கட்சி சார்பற்றது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. நம் ஊர் வாக்காளருக்கு இதை இப்படிச் சொன்னால் புரியும்: சூரியனும் இல்லை, இலையும் இல்லை, கையும் இல்லை. வேட்பாளர் பெயருக்குக் கீழே, அவர் என்ன வேலை செய்கிறார் என்று மூன்று வார்த்தைக்குள் ஒரு வரி. அவ்வளவுதான். ஜனாதிபதி, செனட்டர், நீதிபதி என்று பக்கம் பக்கமாக இருக்கும் வாக்குச்சீட்டில் பள்ளி வாரியத்துக்கு வந்து சேரும்போது பாதிப் பேருக்கு யார் எவர் என்றே தெரியாது. அப்போது "ஆசிரியர்களின் ஆதரவு பெற்றவர்" என்று தபாலில் வந்த அட்டைதான் சின்னத்தின் வேலையைச் செய்கிறது. ஆசிரியர் என்றால் மக்களுக்கு இன்னும் ஒரு மரியாதை இருக்கிறது. சங்கத்தின் உண்மையான மூலதனம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பணம் அதற்கு அப்புறம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஆசிரியர் சங்கத்தைச் சுருக்கமாக யூடிஎல்ஏ என்பார்கள். 1970-ல் தனித்தனியாக இருந்த ஆசிரியர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. இன்று 35,000 பேருக்கு மேல் உறுப்பினர்கள்: ஆசிரியர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள், நூலகர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கிளை, கிளைக்கு ஒரு தலைவர். அதற்கு மேல் பகுதிவாரியான அமைப்பு, இயக்குநர் குழு, எல்லாவற்றுக்கும் மேல் சில நூறு பேர் கொண்ட பிரதிநிதிகள் அவை. அரசியல் வேலைக்கென்று பேஸ் என்ற தனிப் பிரிவு. சம்பளத்திலிருந்து மாதாமாதம் விருப்பப்பட்டுக் கொடுக்கும் தொகைதான் அதன் நிதி.

தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்களிடம் எழுத்தில் பதில் வாங்குவார்கள், அப்புறம் நேர்காணல். எதிரே இருப்பவர்கள் தொழில்முறை அரசியல் ஆலோசகர்கள் அல்ல. மாலை வரை வகுப்பெடுத்துவிட்டு வந்த அந்தப் பகுதி ஆசிரியர்கள். அவர்களின் பரிந்துரை மேலே போகும், அரசியல் பிரிவு பார்க்கும், இயக்குநர் குழு பார்க்கும், கடைசியில் பிரதிநிதிகள் அவை வாக்கெடுத்து முடிவு செய்யும். தலைவர் ஒருவர் மேடையேறி "எங்கள் ஆதரவு இவருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிற முறை இல்லை. இந்த நீளமான பாதையை நான் மதிக்கிறேன். கீழே இருக்கிற ஆசிரியர் நம்பாத ஒரு வேட்பாளருக்காக எந்த ஆசிரியரும் சனிக்கிழமை காலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட மாட்டார். அந்தத் தட்டல்தான் சங்கத்தின் பலம் என்னும்போது, யாருக்காகத் தட்டுவது என்பதைத் தட்டுகிறவர்களே முடிவு செய்வதுதான் சரி.

கேள்விகள் என்ன என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சங்கம் எதற்காகத் தெருவில் இறங்கியது என்று பார்த்தால் போதும். 2019 ஜனவரியில் ஆறு பள்ளி நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பளத்தைவிட அதிகமாகப் பேசப்பட்டவை வேறு: வகுப்பறையில் பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பள்ளியிலும் வாரம் முழுக்க ஒரு செவிலியர், நூலகர், ஆலோசகர். வகுப்பில் இத்தனை பேர்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், நிதி நெருக்கடி என்று சொல்லி நிர்வாகம் அதை மீற வழிவிடும் ஒரு பிரிவு ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதை நீக்கவைத்ததை ஆசிரியர்கள் இன்றும் பெரிய வெற்றியாகச் சொல்கிறார்கள். சார்ட்டர் பள்ளி விவகாரத்தில், 2000-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 39-ம் முன்மொழிவின்படி மாவட்டம் சார்ட்டர் மாணவர்களுக்கும் ஏறத்தாழ சமமான இடவசதி தர வேண்டும். அந்தச் சட்டத்தை வாரியத்தால் மாற்ற முடியாது, ஆனால் எந்தப் பள்ளியில் இடம் ஒதுக்குவது என்பது வாரியத்தின் கையில். இப்படிப்பட்ட நுணுக்கம் ஒரு வேட்பாளருக்குத் தெரிகிறதா என்பதை நேர்காணலில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். "எல்லாப் பிள்ளைகளுக்கும் தரமான கல்வி" என்று பொதுவாகப் பேசுகிறவரைக் கேட்டுக் கேட்டு ஆசிரியர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். கணக்கு வாத்தியாரிடம் விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் விடுவாரா? வழிமுறை கேட்பார்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் வேலை சுலபம். நான்கு வருடம் அவர் எதற்கு வாக்களித்தார் என்ற பதிவு இருக்கிறது, வாக்குறுதியைக் கேட்க வேண்டியதில்லை. புதியவர்களிடம்தான் சிக்கல், ஏனென்றால் அங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று மோதும். இவர் நம் ஆளா? இவரால் ஜெயிக்க முடியுமா? முதல் கேள்விக்கு அருமையான பதில் வைத்திருப்பவரிடம் பிரசாரத்துக்கு ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. இரண்டாவதற்குப் பதில் வைத்திருப்பவர் எல்லாப் பக்கமும் நல்ல பிள்ளையாக இருந்து வந்தவராக இருப்பார். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் சங்கம் கொள்கையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது என்று நினைக்கிறார்கள். உள்ளே நடக்கும் சண்டையில் பாதி, ஜெயிக்கக்கூடியவர் யார் என்பதைப் பற்றியது.

2013-ல் இந்தக் குழப்பம் வெளியிலேயே தெரிந்தது. ஆறாவது தொகுதியின் முதல் சுற்றில் சங்கம் மூன்று வேட்பாளர்களுக்கும் ஆதரவு தந்தது. மூவரில் ஒருவர் மோனிகா ராட்லிஃப், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. இறுதிச் சுற்றில் அவருடைய எதிராளி அன்டோனியோ சான்செஸுக்காக அன்றைய மேயர் தரப்பின் கூட்டணி பெரும் பணத்தை இறக்கியது; அந்தக் கூட்டணிக்கு நியூயார்க் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் மட்டும் 10 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். ராட்லிஃபின் பிரசாரச் செலவு அதன் பக்கத்தில்கூட நிற்காது. ஆனாலும் ஜெயித்தது அந்த ஆசிரியைதான். சொந்த வீட்டுப் பெண் குதிரையில் ஏறி நிற்கும்போது மூன்று குதிரைக்கும் சேர்த்துப் புல் போட்ட சங்கத்துக்கு, அந்த வெற்றியில் தன் பங்கு இவ்வளவு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லாமல் போனது. மூன்று பேருக்கு ஆதரவு என்பது ஆதரவே அல்ல, அது முடிவெடுக்கத் தயங்குவது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான் உச்சவரம்பு. அதைக் கொண்டு இந்தப் பரப்பளவில் ஒரு தொகுதி முழுக்கத் தபால் அனுப்பக்கூட முடியாது. ஆனால் வேட்பாளரோடு கலந்து பேசாமல், தானாகவே அவருக்காகச் செலவழித்தால் வரம்பே இல்லை. சங்கமும் அதைத்தான் செய்கிறது, எதிர்த்தரப்பும் அதைத்தான் செய்கிறது. 2017 தேர்தலில் இப்படி எல்லாத் தரப்பும் சேர்ந்து செலவழித்தது ஏறக்குறைய 1.5 கோடி டாலர். அதுவரை நாட்டில் எந்தப் பள்ளி வாரியத் தேர்தலும் கண்டிராத தொகை. பெரும்பங்கு சார்ட்டர் ஆதரவாளர்களுடையது. நெட்ஃப்ளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் அந்தப் பக்கத்தின் பெரிய நன்கொடையாளர்களில் ஒருவர். சங்கம் ஆதரித்த வாரியத் தலைவர் ஸ்டீவ் ஸிம்மர் நிக் மெல்வாயினிடம் தோற்றார். இன்னொரு தொகுதியில் சங்கத்தின் வேட்பாளரைக் கெல்லி கோனெஸ் தோற்கடித்தார். வாரியத்தின் பெரும்பான்மையே கை மாறியது.

இரண்டே வருடத்தில் நிலைமை தலைகீழானது. 2018-ல் வாரிய உறுப்பினர் ரெஃப் ரோட்ரிகஸ் தேர்தல் நிதி மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அந்த இடத்துக்கான இடைத்தேர்தல் வந்தபோது வேலைநிறுத்தம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மழையில் நனைந்து மறியல் செய்த ஆசிரியர்களோடு நின்ற பெற்றோர்களின் நினைவு ஆறவில்லை. சங்கம் தேர்ந்தெடுத்தது ஜாக்கி கோல்ட்பர்கை. 1980-களிலேயே இதே வாரியத்தில் இருந்தவர், பிறகு நகர சபை, மாநிலச் சட்டசபை, எல்லாவற்றுக்கும் முன்பு காம்ப்டனில் ஆசிரியர். நம் ஆளா, ஜெயிப்பாரா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கிடைப்பது அபூர்வம். 2019 மே மாத இறுதிச் சுற்றில் பதிவான வாக்குகளில் 70 சதவீதத்துக்கும் மேல் அவருக்கு விழுந்தது.

அந்தத் தேர்தலில் கோல்ட்பர்கை எதிர்த்து நின்ற ஹெதர் ரெப்பனிங்குக்கு ஆதரவு தந்ததும் ஒரு தொழிற்சங்கம்தான் என்பது பலருக்குத் தெரியாது. பள்ளிச் சமையலறைப் பணியாளர்கள், பேருந்து ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், சிறப்புக் கல்வி உதவியாளர்கள் சுமார் 30,000 பேரைக் கொண்ட எஸ்இஐயு 99-ம் கிளை. 2022-லும் இதேதான்: ஆசிரியர்கள் ரிவாஸ் பக்கம், அவர்கள் மரியா ப்ரெனஸ் பக்கம். காரணம் எளிது. ஆசிரியருக்கு சார்ட்டர் பள்ளி என்பது வேலையையே அசைக்கும் விஷயம். அரை நாள் வேலை பார்த்து, அந்த வருமானத்தில் வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் சமையலறைப் பணியாளருக்கு அது முதல் கவலை அல்ல. மணிக்கு எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம் வேலை என்பதுதான். "தொழிற்சங்கங்கள்" என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் கஷ்டம் அதிகமாக இருப்பவரின் குரல்தான் அந்த மூட்டைக்குள் முதலில் அமுங்கிப் போகிறது. 2022 நவம்பரில் எதிரெதிர் அணியில் நின்ற அதே இரண்டு சங்கங்கள், 2023 மார்ச்சில் அந்தப் பணியாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றாகத் தெருவில் நின்றன. ஆசிரியர்களும் வகுப்புக்குப் போகவில்லை. பள்ளிகள் மூடப்பட்டன.

ஆதரவு முடிவான பிறகு அதை உறுப்பினர்களுக்கே தெரிவிப்பதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. கலிஃபோர்னியாவில் பள்ளியின் பணத்தையோ பொருளையோ வசதியையோ தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சான் லியாண்ட்ரோ என்ற ஊரில், வாரியத் தேர்தலில் யாருக்கு ஆதரவு என்று எழுதிய செய்தி மடலை ஆசிரியர் சங்கம் பள்ளியில் ஆசிரியர்களுக்கென்று வைத்திருக்கும் தபால் பெட்டிகளில் போட்டது. நிர்வாகம் தடுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் தீர்ப்பு நிர்வாகத்துக்குச் சாதகமாக வந்தது. சங்கச் செய்தியைப் போடலாம், தேர்தல் ஆதரவைப் போடக் கூடாது.

இப்போது விமர்சனத்துக்கு வருவோம், அதில் நியாயம் இருக்கிறது. முதலாளியைத் தொழிலாளியே தேர்ந்தெடுத்தால் மக்கள் பணத்துக்குக் காவல் யார் என்ற கேள்வி பழையது. வாக்குப்பதிவு குறைவாக இருக்கும்போது இது கூர்மையாகும். 2020-க்கு முன்பு லாஸ் ஏஞ்சல்ஸ் வாரியத் தேர்தல் ஒற்றைப்படை வருடங்களில், மாநில, தேசியத் தேர்தல்களிலிருந்து பிரிந்து நடந்தது. சில தேர்தல்களில் பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் வந்தார். அரசறிவியலாளர் டெர்ரி மோ கலிஃபோர்னியத் தரவுகளை ஆராய்ந்து, தாங்கள் வேலை செய்யும் மாவட்டத்திலேயே குடியிருக்கும் ஆசிரியர்கள் சாதாரண வாக்காளர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வாக்களிக்கிறார்கள் என்று காட்டினார். கூட்டம் சிறுத்தால் ஒழுங்காகத் திரண்டு வருபவரின் பங்கு பெரிதாகும், அவ்வளவுதான் கணக்கு. 2015-ல் வாக்காளர்கள் தேர்தலை இரட்டைப்படை வருடங்களுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். 2020 முதல் வாரியத் தேர்தல் ஜனாதிபதி, ஆளுநர் தேர்தல்களோடு சேர்ந்து வருகிறது. அப்படி வந்த பிறகும் ரிவாஸ் ஜெயித்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லெவின் சட்டம், நன்கொடை கொடுத்தவர் சம்பந்தப்பட்ட உரிமம், ஒப்பந்தம் போன்றவற்றில் அதை வாங்கியவர் வாக்களிப்பதைத் தடுக்கிறது. 2023 முதல் உள்ளூர்ப் பிரதிநிதிகளுக்கும் அது விரிந்தது. ஆனால் தொழிலாளர் ஒப்பந்தங்கள் அந்தத் தடைக்கு வெளியே. ஆகவே சங்கத்தின் ஆதரவில் ஜெயித்தவர் சங்கத்தோடு போடும் ஒப்பந்தத்துக்குத் தாராளமாக வாக்களிக்கலாம்.

இதற்காக ஆசிரியர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாது. ஒதுங்கினால் அந்த இடம் காலியாக இருக்காது. கோடீஸ்வரர்களின் அட்டை மட்டும் தபாலில் வரும். வகுப்பறையில் 40 பிள்ளைகள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள் வாரியத்தில் யார் இருக்கலாம் என்று சொல்வதில் தவறே இல்லை. எனக்குள்ள குறை வேறு. வேட்பாளர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த பதில்களைப் பெற்றோரும் படிக்க முடிய வேண்டும். ஆதரவு அட்டையில் பெயர் மட்டும் இருக்கிறது. எந்த வாக்குறுதிக்காக இந்த ஆதரவு என்பது அதில் இல்லை. பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

நிறையப் பேர் பார்த்தால் பிழையும் குறையும். 2024-ல் முதலாவது தொகுதியில் சங்கம் ஆதரித்தது பெற்றோரும் சமூகச் செயல்பாட்டாளருமான காலித் அல்-அலிமை. பிப்ரவரியில் அவருடைய பழைய சமூக வலைதளப் பதிவுகள் வெளிவந்தன. யூத வெறுப்புப் பதிவுகளும் அவற்றில் இருந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். சங்கம் முதலில் அவருக்கான பிரசாரத்தை நிறுத்தி, அப்புறம் ஆதரவையும் திரும்பப் பெற்றது. ஆனால் வாக்குச்சீட்டுகள் அதற்குள் தபாலில் வீடுகளுக்குப் போயிருந்தன, அட்டைகளும் போயிருந்தன. மார்ச் மாத முதல் சுற்றில் அவர் முதல் இருவரில் ஒருவராக வந்து, நவம்பரில் ஷெர்லெட் ஹெண்டி நியூபில்லிடம் தோற்றார். வினாப்பட்டியல், நேர்காணல், குழு, அவை என்று இத்தனை படிகள் இருந்தும், பொதுவெளியில் கிடந்த பதிவுகளை யாரும் சரியாகத் தேடிப் பார்க்கவில்லை. கொள்கைக் கேள்விகளில் தேர்ச்சி பெற்றவரை ஆளாகவும் பார்க்க வேண்டும் என்பது எந்தக் கிளைத் தலைவருக்கும் தெரிந்த விஷயம்தான், தெரிந்தும் நடந்தது.

அதே 2024-ல் ஐந்தாவது தொகுதியில், ஓய்வுபெற்ற கோல்ட்பர்கின் இடத்துக்குச் சங்கம் தேர்ந்தெடுத்த கார்லா கிரியேகோ, அந்த மாவட்டப் பள்ளிகளிலேயே வேலை பார்த்த ஆசிரியர், சங்க உறுப்பினர். ஜெயித்தார். கலிஃபோர்னியச் சட்டப்படி பள்ளி மாவட்டத்தின் ஊழியர் அதே மாவட்டத்தின் வாரியத்தில் உட்கார முடியாது. பதவி ஏற்கும் முன் வேலையை விட வேண்டும். டிசம்பரில் அவர் பதவி ஏற்றார். ஆசிரியர்களின் மூன்றாண்டு ஒப்பந்தம் 2025 ஜூன் 30-ல் முடிந்தது. அடுத்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு வரை போகலாம் என்று அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்ப, மூடிய அறையில் கூடும் ஏழு பேரில் அவரும் ஒருவரானார். மேசையின் மறுபக்கம், பதவி ஏற்கும் வரை அவரோடு சக ஆசிரியர்களாக இருந்தவர்கள்.